மெத்தைக் கடைப் பூனை பிடித்துவந்த ஆட்கள்

மெத்தைக் கடைப் பூனை முதன்முதலாகக் கவ்விக்கொண்டு வந்த வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் எடை எழுபது கிலோ, பூனையின் எடை நாலு. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குச் சட்டைக் காலரைப் பல்லில் பிடித்து, பேருந்து நிறுத்தத்திலிருந்து இழுத்து வந்து முதலாளியின் காலடியில் போட்டுவிட்டு, தள்ளி உட்கார்ந்து முன்காலை நக்கிக்கொண்டது. அதுவரை பல்லி, அணில், ஒருமுறை ஒரு புறா என்று சில்லறையாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. முதலாளி அவற்றையெல்லாம் அட்டையில் அள்ளி வெளியே போட்டதைப் பார்த்து, இந்த மனுஷனுக்கு வேட்டை தெரியாது, தானாகப் பிழைக்கமாட்டார் என்று முடிவு செய்திருக்க வேண்டும். கடைத்தெருவும் அதே முடிவில்தான் இருந்தது. வாங்க வந்தவரிடம், அவசரமில்லீங்க, வீட்ல யோசிச்சிட்டு வாங்க என்று வழியனுப்பும் ஒரே வியாபாரி அவர்தான். யோசித்தவர்கள் எல்லோரும் எதிர்வரிசையில் அவர் மச்சான் நடத்திய மெத்தைக் கடையில் போய் வாங்கினார்கள். கடைசியில் மனைவி கெடு வைத்துவிட்டாள்.

"மாசக் கடைசிக்குள்ள ஒரு மெத்தையாவது போகணும். இல்லேன்னா சாவியை எங்கண்ணன்கிட்ட குடுத்துட்டு, அங்க பஞ்சு அடைக்கப் போங்க."

அண்ணன் மறுநாளே வந்து, பெயர்ப்பலகைக்கு அளவெடுத்துப் போனார்.

குட்டிக்கு வேட்டை பழக்க, தாய்ப்பூனை முதலில் செத்த இரையைக் கொண்டுவரும். பிறகு அரை உயிர், பிறகு துள்ளுகிற இரை. இந்தப் பூனையும் அதே முறைதான். அசந்து தூங்கிய தபால்காரரைச் செத்த இரைக்குச் சமமாக எடுத்துக்கொண்டது போலும். முதலாளி அவரை இருப்பதிலேயே நல்ல மெத்தையில் கிடத்தி, மின்விசிறியைக் கூட்டிவைத்து, சாயங்காலம்வரை சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார். எழுந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தது, பல் பிடுங்கிக்கொண்டு பாதி மயக்கத்தில் இருந்த டீச்சரம்மா. வாயே திறக்க முடியாத அவரிடமும் முதலாளி பேரத்தில் தோற்று, விற்காமலே அனுப்பிவைத்தார். மூன்றாவதாகத் துள்ளத் துடிக்க ஒரு லாரி டிரைவர். இது ரெண்டு வருஷத்துல அமுங்கிடும்ண்ணே என்று யாரும் கேட்காமலே முதலாளி சொல்ல, டிரைவர் காலரைச் சரிசெய்துகொண்டு எதிர்க்கடைக்கு நடந்தார். அன்றைக்குப் பூனை சாப்பிடவில்லை. தெருவில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. தையல்காரர் மட்டும் காலருக்கு இரட்டைத் துணி வைக்கத் தொடங்கினார்.

மாசக் கடைசி நாள் மத்தியானம் பூனை மச்சானையே கவ்வி வந்தது. தொண்ணூறு கிலோ; படியில் இரண்டு தடவை இறக்கிவைத்து ஏற்ற வேண்டியிருந்தது. மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு வாசலில் ஒதுங்கி வழிவிட்டாள். மச்சான் தொழில் தெரிந்தவர். தான் விழுந்த மெத்தையைப் படுத்தபடியே கையால் அழுத்திப் பார்த்தார். தன் கடையில் இப்படி ஒன்று கிடையாது என்று அவர் முதுகுக்குத் தெரிந்துவிட்டது. முழங்கையை ஊன்றி எழப்போனார்.

"பரவால்லியே மாப்ள. யோசிச்சுச் சொல்றேன்."

பூனை முதலாளியையே பார்த்தது. முதலாளியின் தோள்கள் தாழ்ந்தன. பாயப்போகும் பூனைக்குப்போல இடுப்பு இப்படியும் அப்படியும் லேசாக ஆடியது. பிறகு மச்சானின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினார்.

"படுத்துக்கிட்டே யோசிங்க மச்சான்."

மூன்று மணிக்கு மச்சான் மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு தெருவைக் கடந்தார். மனைவி மீனின் நடுத்துண்டைப் பூனைக்கு வைத்தாள். அது முகர்ந்துவிட்டு, பிடித்தவருக்கே சேரட்டும் என்று முதலாளி பக்கம் தள்ளியது. அதோடு அது பல்லிக்குத் திரும்பிவிட்டது. ஆட்களை இப்போது முதலாளியே போய்க் கொண்டுவருகிறார். அவர் பல் பெரிது என்பதால் தையல்காரர் காலருக்கு மூன்றடுக்குத் துணி வைக்கிறார்.