பூசாத சுவர்

பழைய பூச்சைக் கட்டையால் தட்டிப் பார்த்தே அதன் ஆயுசைச் சொல்லிவிடுவாள் கொத்தனாரம்மா. துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கின் மேற்குச் சுவர், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் வெறும் பானை மாதிரிச் சத்தம் கொடுத்தது. உள்ளே பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது, பெயர்த்துவிட்டுப் புதிதாகத்தான் பூச வேண்டும் என்று முடிவு செய்தாள்.

கிடங்கை பஸ் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் ஓய்வறையாக மாற்றுகிற வேலை அது. சித்தாளாகப் பதினோரு வருஷம் செங்கல் சுமந்து, கரண்டி பிடிக்கப் பழகி, "பொம்பள பூசினா சுவர் நிக்குமா?" என்று கேட்டவர்கள் வீட்டையே பூசிக் கொடுத்து, இப்போது தானே ஆள் வைத்து வேலை எடுக்கிறாள். இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். காரணம் அண்ணன். அவன் பஸ் டிரைவர், சங்கச் செயலாளர். டிரைவர்கள் முதுகு சாய்க்க ஓர் இடம் வேண்டும் என்று பத்து வருஷமாக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவன்.

புதன்கிழமை காலை உளியை வைத்து ஒரு போடு போட்டாள். பூச்சு பாளமாக விழுந்தது. உள்ளே கருங்கல்லில் ஓர் இரும்பு வளையம், துருவேறி, அசைக்க முடியாதபடி பதிந்திருந்தது.

"மாடு கட்டினதாக்கா?" என்றாள் சித்தாள்.

"இரு, பார்ப்போம்."

மத்தியானத்துக்குள் இருபத்துமூன்று வளையங்கள் வெளியே வந்தன. டேப்பை வைத்து அளந்தாள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒன்றரை அடி. மாட்டை இவ்வளவு நெருக்கமாக யாரும் கட்ட மாட்டார்கள். ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அகலம். வளையத்துக்குக் கீழே கல் வழவழவென்று தேய்ந்து, விரல் புதைகிற பள்ளமாக இருந்தது. சங்கிலி உரசிய பள்ளம். கருங்கல் அவ்வளவு தேய எத்தனை காலம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

கிடங்குக்குப் பின்தெருவில்தான் அவளும் அண்ணனும் பிறந்தார்கள். "நாம கப்பல்ல வந்தவங்க" என்று அப்பா சொல்வார், ஏதோ டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த மாதிரி. எங்கிருந்து, எப்படி என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். தெருவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னவர் யாருமில்லை.

மறுநாள் காலை இன்ஜினியர் வந்து பார்த்தார். குனிந்து ஒரு வளையத்தைத் தொட்டுவிட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அறுத்துட்டு, கம்பி வலை அடிச்சுப் பூசிடுங்கம்மா. நாளைக்குத் தலைவர் வர்றார்."

நகரசபைத் தலைவரின் கொள்ளுத்தாத்தாதான் அந்தக் கிடங்கைக் கட்டியவர். தலைவர் அதை ஊருக்கு இனாமாகக் கொடுத்திருந்தார். அவருடைய குடும்பத்தின் கொடையைச் சொல்லும் பளிங்குக்கல் வாசலில் ஏற்கெனவே பதித்தாகிவிட்டது.

"மத்த மூணு சுவரையும் பூசித் தர்றேன் சார். இதைப் பூச மாட்டேன்."

"ஏன், சிமெண்ட் பத்தலையா?"

"சிமெண்ட் இருக்கு சார். கைதான் வரல."

"அப்ப கை வர்ற ஆளைக் கூட்டிட்டு வர்றேன்" என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் யூனிபாரம் கூட மாற்றாமல் அவள் வீட்டுக்கு வந்தான். நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை.

"ஊர்ல வேற சுவரே இல்லையா உனக்கு? இதைத் தோண்டித்தான் பேர் வாங்கணுமா?"

"நான் எங்கண்ணா தோண்டினேன்? பூச்சு தானா விட்டுப்போச்சு."

"விட்டுப்போனா ஒட்டவை. அதுக்குத்தானே கொத்தனார்? ஹைஸ்கூல் டீச்சரம்மா கையெழுத்து வாங்கிட்டு அலையுது, மியூசியம் ஆக்கணுமாம். நாங்க மறுபடி பஸ்ஸுக்கு அடியில போய்ப் படுக்கவா? இன்னொண்ணும் கேட்டுக்கோ. இன்னிக்கு கிளாஸ்ல என் பொண்ணை 'சங்கிலி'ன்னு கூப்பிட்டிருக்கானுங்க. சேதி வெளிய வந்து ஒரு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள பேர் வச்சுட்டானுங்க."

அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

"அவ என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? அழுதா."

"பூசி மறைச்சுட்டா நாளைக்குக் கூப்பிட மாட்டானுங்களா?"

அண்ணன் எழுந்து போனான். அவள் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கல்லின் பள்ளம் விரலிலிருந்து போகவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிடங்குக்குப் போய், சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு மேற்குச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இன்ஜினியர் அனுப்பிய வேறொரு கொத்தனார் இரும்பு அறுக்கும் மெஷினோடு வந்தார்.

"அக்கா, நான் கூலிக்கு வந்தவன். நீ எந்திரிச்சா அறுக்கிறேன். எந்திரிக்கலன்னா டீ குடிக்கப் போறேன்."

"போய்க் குடிச்சுட்டு வா தம்பி."

போனவர் பன்னிரண்டு மணி வரை திரும்பவில்லை. அவ்வளவு பெரிய டீயை ஊரில் யாரும் குடித்ததில்லை. அதற்குள் பின்தெரு ஜனம் பாதி உள்ளே வந்துவிட்டது. சிலர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சிலர் அவளைத் திட்டினார்கள். போட்டோக்காரரோடு வந்த தலைவர் கூட்டத்தைப் பார்த்ததும், "ஞாயித்துக்கிழமை ஸ்கூல் ஹால்ல பேசி, கையைத் தூக்கி முடிவு பண்ணிக்குவோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போதாமல் ஜன்னலிலும் ஆட்கள் நின்றார்கள். தலைவர்தான் முதலில் பேசினார்.

"பழசைக் கிளறினா புண்ணுதான் பெருசாகும். எங்க முன்னோருங்க யாரையும் பட்டினி போடல. மூணு வேளையும் சோறு போட்டுத்தான் வச்சிருந்தாங்க."

டீச்சர் எழுந்தார். "மனுஷங்களை அடைச்சு வச்ச இடத்துல கட்டில் போட்டுக் குறட்டை விடுறதா? முழுக் கட்டடத்தையும் நினைவிடம் ஆக்கணும்."

டிரைவர்கள் பக்கமிருந்து கூச்சல் கிளம்பியது. அண்ணன் கையைக் காட்டி அமர்த்தினான். "டீச்சரம்மா, பத்து வருஷம் மழையிலயும் வெயில்லயும் படுத்த முதுகு இது. செத்தவங்களுக்கு இடம் குடுங்க, வேண்டாங்கல. உயிரோட இருக்கிறவனைத் துரத்திட்டுக் குடுக்காதீங்க. எங்க வம்சத்தைக் காட்சிப் பொருளாவும் ஆக்காதீங்க. அந்தச் சுவரைப் பூசிடுங்க."

கொத்தனாரம்மா எழுந்து, முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு மேடைப் பேச்சு வராது. தலைவர் ஐயாவை ஒண்ணு கேக்கிறேன். மூணு வேளை சோறு போட்டீங்க, சரி. அப்ப வளையம் எதுக்குங்க?"

தலைவர் தண்ணீர் குடித்தார்.

"டீச்சர், அங்க கிடந்தவங்களும் உடம்பு நோக வேலை செஞ்சவங்கதான். அவங்க பக்கத்துல டிரைவருங்க படுத்தா ஒரு குறையும் வராது. கட்டிலைக் கிழக்குப் பக்கம் போடலாம். நான் அளந்துட்டேன், பதினாறு கட்டில் தாராளமா நிக்கும்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, கட்டிப்போட்டவங்க பேரு வாசல்ல பளிங்குக்கல்லுல இருக்கு. கட்டுப்பட்டவங்க பேரன் பேத்தி நாம தலை குனியணுமா? இது எந்த ஊரு நியாயம்?"

"நீ பேசிட்டுப் போயிடுவ. நாளைக்கு ஸ்கூலுக்குப் போகப்போறது என் பொண்ணு."

"நான் கூட்டிட்டுப் போறேன். வாசல்ல நின்னு நானே சொல்றேன். ஆமாண்டா, எங்க பாட்டன் பூட்டன் கால்ல சங்கிலி இருந்துச்சு. அதை மாட்டினது யாருன்னும் உங்க வீட்டுல போய்க் கேளுங்கடான்னு."

கை தூக்கச் சொன்னார்கள். ஒன்பது கை வித்தியாசத்தில் சுவர் பிழைத்தது, டிரைவர்களுக்கு இடமும் கிடைத்தது. பூச வேண்டும் என்று தூக்கிய கைகளில் அண்ணனுடையதும் இருந்தது. அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தும் அவன் இறக்கவில்லை.

திங்கட்கிழமை சொன்னபடி அண்ணன் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனாள். மூன்று பையன்கள் மட்டும் நின்று கேட்டார்கள். ஒருவன் சிரித்தான். அந்தப் பெண் அத்தையின் கையை விடவில்லை, ஆனால் அழவுமில்லை.

சுவருக்கு முன்னால் வைக்கும் பலகையில் என்ன எழுதுவது என்று மேலும் ஒரு மாதம் சண்டை நடந்தது. தலைவர் 'வேலையாட்கள்' என்றார். பின்தெரு 'அடிமைகள்' என்பதில் நின்றது. டீச்சர் எழுதிக் கொடுத்தது நாலு பக்கம் வந்தது. கடைசியில், 'இந்தச் சுவரில் மனிதர்களைச் சங்கிலியால் பிணைத்து அடிமைகளாக விற்றார்கள். அவர்கள் பெயர் கிடைக்கவில்லை' என்று நின்றது. விற்றவர்கள் பெயர் கிடைத்திருந்தும் தலைவர் எழுத விடவில்லை. அந்த ஒரு வரியில் கொத்தனாரம்மா தோற்றாள்.

அதற்குப் பிறகு நகரசபை வேலை எதுவும் அவளுக்கு வரவில்லை. வீட்டு வேலைகள் வந்தன, அது போதுமாக இருந்தது. அண்ணன் இன்னும் அவளோடு பேசுவதில்லை. ஓய்வறையில் சுவரைப் பார்க்காத பக்கம் திரும்பித்தான் படுப்பானாம். ஒருநாள் புதிதாக வந்த டிரைவர், "இது என்னண்ணே, மாட்டுக் கொட்டாயா?" என்று கேட்டிருக்கிறார். "எழுதி வச்சிருக்குல்ல, எந்திரிச்சுப் போய்ப் படி" என்றானாம் அண்ணன். ஒரு கண்டக்டர் வந்து சொன்னபோது அவள் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நகரசபை கூடுகிறது. அன்றைக்கு அவள் வேலைக்குப் போவதில்லை. கைகால் கழுவி, நல்ல சேலை கட்டி, விடுபட்ட அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி எழுதிய தாளோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். போன செவ்வாய் ஏழாவது தடவை.

"மறுபடியுமாம்மா?" என்றார் குமாஸ்தா.

"சேர்க்கிற வரைக்கும்" என்று தாளை நீட்டினாள்.