தனிக்கொடி

“முன்னறையை எனக்கு விட்டுக் குடுங்க அத்தை. சும்மா வேண்டாம், மாசா மாசம் வாடகை குடுத்துடறேன்.”

சொல்லிவிட்டு அவள் நிமிரவில்லை. சாப்பிட்ட தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். மாமியார் மகன் முகத்தைப் பார்த்தாள். கொழுந்தன் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். வாயிலிருந்த தண்ணீரை விழுங்கிவிட்டுக் கேட்டான்.

“எதுக்கு அண்ணி முன்னறை?”

“சலவைக் கடை வைக்கலாம்னு இருக்கேன்.”

“அப்ப வேலை?”

“வேலையும் இருக்கும். காலையில ஆஸ்பத்திரி, மூணு மணிக்கு மேல கடை.”

கொழுந்தன் சிரித்தான். “பொணத்துக்குப் போத்தின துணியைத் துவைக்கிற கையில எவன் அண்ணி தன் சட்டையைக் கொண்டாந்து குடுப்பான்?”

“வாயைக் கழுவுடா” என்று மாமியார் மகனை அதட்டினாள். ஆனால் அவன் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை.

சொல்லவும் முடியாது. அந்த வீட்டுக் கொல்லையில் துணி காயப்போட இரண்டு கொடிகள் இருந்தன. நல்ல வெயில் விழுகிற இடத்தில், சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய நீளக் கொடி குடும்பத்துக்கு. கழிவறைச் சுவரை ஒட்டி, ஆறடி நீளத்தில் ஒரு நைந்த கயிறு அவளுக்கு. ஆறு வருடமாக அவள் சேலை அந்தக் கயிற்றில்தான் காய்ந்தது. அவள் சம்பளத்தில் வாங்கிய மளிகை மட்டும் எல்லார் தட்டுக்கும் வந்தது. அதற்குத் தனித் தட்டு யாரும் வைக்கவில்லை.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘நீலக்கா’ என்று பெயர். வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுப் போட்டு நகக்கண்ணில் ஏறிய நிறம் எந்தச் சோப்புக்கும் இறங்குவதில்லை. அந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டுப் போகவில்லை. சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் விபத்தில் இடுப்பு நொறுங்கி, அதே மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் படுத்தபோது, செலவைச் சமாளிக்கக் கீழே தினக்கூலிக்குச் சேர்ந்தாள். மேலே அவன், கீழே அவள்.

வலி தாங்க முடியாதபோது அவன் படுக்கை விரிப்பின் மூலையைப் பிடித்து முடிச்சுப் போடுவான். சின்னச் சின்ன முடிச்சாக, ஒன்றன்மேல் ஒன்றாக. சாயங்காலம் பார்க்கப் போகும்போது அவள் அதை அவிழ்த்துக்கொண்டே திட்டுவாள். “கைக்கு வேற வேலையே இல்லையா உங்களுக்கு?” அவன் சிரிப்பான்.

ஒரு காலையில், அழுக்குத்துணி மூட்டையிலிருந்து ஒரு விரிப்பு வந்தது. நான்கு மூலையிலும் முடிச்சு. விரிப்பு மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்புக்கூட வந்தது. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, உதறி, இயந்திரத்தில் போட்டாள். அது சுற்றிச் சுற்றி நுரை தள்ளுவதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மேற்பார்வையாளர் வந்து, “நீ மேல போம்மா” என்றார். அவன் விடிவதற்கு முன்பே போயிருந்தான்.

சிரித்தோமே என்பதுதான் அவளை விடவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகும், ஈரத்துணியில் தற்செயலாக ஒரு முறுக்கு விழுந்தால் கை அப்படியே நின்றுவிடும். இயந்திரம் வேகம் குறைந்து ஓயும்போது உருளை தடதடக்கிற ஓசை, படியில் யாரோ நொண்டிக்கொண்டு இறங்கி வருவதுபோல் கேட்கும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்வாள். திரும்பிப் பார்த்துவிடுவாள்.

வேலை நிரந்தரமான பிறகுதான் கடை யோசனை வந்தது. எட்டு மாதமாக வீட்டில் யாருக்கும் சொல்லாமல் திட்டம் போட்டாள். முதலில் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு மணிக்கு விடுதலை. மூடிய விடுதி ஒன்றில் இரண்டு பெரிய துவைக்கும் இயந்திரங்கள் விலைக்கு வருவதைக் கேள்விப்பட்டு, மூன்று தடவை போய்ப் போய் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றுக்கு ரப்பர் வளையம் போயிருந்தது. அதைச் சொல்லிக் காட்டி விலையைக் குறைத்தாள். ஒரு சுற்றுக்கு எத்தனை வாளி தண்ணீர், மின்சாரம் எவ்வளவு ஓடும், மழைக்காலத்தில் எங்கே காயப்போடுவது என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். பெண்கள் விடுதிக் காப்பாளர் மாதக் கணக்கில் விரிப்புகள் தருவதாகச் சொன்னார். பேருந்து நிறுத்தத்து முடிதிருத்தும் கடைக்காரர் துண்டுகளுக்கு ஒப்புக்கொண்டார்.

“தினம் நாப்பது துண்டு இருக்கும்மா. யாரு துவைச்சதுன்னு எங்கிட்ட வர்றவன் கேக்கமாட்டான். கத்தி கழுத்துல இருக்கும்போது எவன் கேள்வி கேப்பான்?”

பணம்தான் பாக்கி. பாதியை மிகைநேர வேலை பார்த்துச் சேர்த்திருந்தாள். மீதிக்குப் பணியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்கலாம் என்று மருத்துவமனை ஸ்டோர் கீப்பர் வழி சொன்னார். “ஆனா ஒண்ணு. கடன் அடையற வரைக்கும் வேலையை விட்டுடாதே. கடை உனக்குச் சோறு போடறதுக்கு முன்னால நீதான் கடைக்குச் சோறு போடணும்.”

கடனுக்குச் சொத்து உள்ள ஒருவரின் ஜாமீன் கையெழுத்து வேண்டும். வீடு கொழுந்தன் பேரில் இருந்தது. அதனால்தான் இந்தப் பேச்சே. அன்றிரவே கணக்கைக் காட்டிக் கையெழுத்தையும் கேட்டிருந்தாள்.

நான்கு நாள் கழித்துக் கொழுந்தன் தானாகவே வந்து உட்கார்ந்தான். குரலில் தேன் வடிந்தது.

“யோசிச்சுப் பார்த்தேன் அண்ணி. கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. கையெழுத்து நான் போடறேன். முன்னறையும் எடுத்துக்குங்க. ஆனா கடை என் பேருல இருக்கட்டும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து முன்னால நான் உக்காந்துக்கறேன். நீங்க பின்னால துவைங்க. துவைக்கிறது நீங்கதான்னு யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“கடன் யார் சம்பளத்துல பிடிப்பாங்க தம்பி?”

“அது உங்க சம்பளத்துலதான். நீங்கதானே சங்கத்துல உறுப்பினர்?”

மாமியார் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள். “ஒத்துக்கோடி. உன் நல்லதுக்குத்தான் சொல்றான். முகம் தெரிஞ்சா ஒரு துணி வராது. தலையெழுத்து அப்படி, என்ன பண்றது?”

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. அவர்கள் சொல்வது சரியாக இருக்குமோ என்று ஒரு குரல் உள்ளே எப்போதும் இருந்தது. இந்தக் கைதானே அந்த முடிச்சை அவிழ்த்தது? உயிர் அந்த முடிச்சில் கொஞ்சம் மிச்சம் இருந்து, இவள் அவிழ்த்து உதறியதில் போய்விட்டதோ? பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்தும், ஈரக்கையோடு நிற்கும் நேரங்களில் அந்த எண்ணம் வந்து பக்கத்தில் நின்றுகொள்ளும்.

“சரின்னு சொல்லிடலாம்னு பார்க்கறேன்” என்று மறுநாள் மகளிடம் சொன்னாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கொல்லையில் தன் பள்ளிச் சீருடைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சித்தப்பா சொன்னதுக்கா?”

“வேற வழி?”

மகள் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். “பாட்டியைச் சொல்லி என்னம்மா, சித்தப்பாவைச் சொல்லி என்ன? நீயே என் யூனிஃபார்மைத் தொடமாட்டியே. பத்து வயசுலேர்ந்து நானேதான் துவைச்சுக்கறேன். நீ ஊருக்கெல்லாம் துவைக்கிறே. எனக்கு மட்டும் ஒரு நாள்கூடத் துவைச்சதில்ல.”

பெண்ணுக்கு வேலை பழகட்டும் என்றுதான் விட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் வரவில்லை. தன் கை பட்ட துணி பிள்ளை உடம்பில் படக் கூடாது என்று ஆறு வருடமாகப் பயந்துகொண்டிருந்ததை, அந்தப் பிள்ளை ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்குத் தனிக் கயிறு கட்டியவள் மாமியார். மகளுக்கும் தனக்கும் நடுவே ஒன்றைக் கட்டியது அவளேதான்.

“நகரு” என்றாள்.

வாளி முன்னால் உட்கார்ந்து சீருடையை எடுத்தாள். காலரைக் கசக்கினாள், கைமடிப்பைக் கசக்கினாள். பின்னால் யாரோ நிற்பதுபோல் பிடரி சிலிர்த்தது. இந்தத் தடவை திரும்பவில்லை. அலசிப் பிழிந்து உதறி, நேராக வெயிலுக்கு நடந்து, நீளக் கொடியின் நடுவில் விரித்துப் போட்டாள். பக்கத்தில், கழிவறைச் சுவரிலிருந்து எடுத்துவந்த தன் சேலையையும் போட்டாள்.

சமையலறை ஜன்னலில் மாமியாரின் முகம் தெரிந்தது. அன்று மாலை கொடியில் இருந்த மற்ற துணிகளையெல்லாம் மாமியார் மறுபடி தண்ணீரில் முக்கி எடுத்தாள்.

அடுத்த வாரம் சங்கத்தில் விதியைத் தோண்டிக் கேட்டாள். சொத்து ஜாமீன் இல்லாவிட்டால் இரண்டு நிரந்தரப் பணியாளர்கள் கையெழுத்துப் போட்டாலும் போதும் என்று சங்கத்து எழுத்தர் முனகினார். ஒரு கையெழுத்து வார்டு கூட்டுகிற பெண் போட்டாள். அடுத்ததைப் பிணவறைக் காவலர் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். “என்கிட்ட வந்த ஆளுங்க யாரும் இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல நீலக்கா. உனக்கு அப்படி அமையாது. பார்த்து நடந்துக்கோ.”

முன்னறை கிடைக்கவில்லை. முடிதிருத்தும் கடையை ஒட்டி, கை இரண்டையும் விரித்தால் சுவர் தட்டுகிற அகலத்தில் ஓர் இடம் வாடகைக்குக் கிடைத்தது. பெயர்ப்பலகை எழுதுகிறவர் என்ன போடட்டும் என்று கேட்டார். “சலவைக் கடைன்னு பெருசா போடுங்க. கீழே, ‘மருத்துவமனைச் சலவையில் அனுபவம்’ போடுங்க.” அவர் தூரிகையை நிறுத்தி அவளைப் பார்த்தார். “அது வேணுமாம்மா? ஜனங்க ஒரு மாதிரி நினைப்பாங்க.” “அதைவிடச் சுத்தமாத் துவைக்கிற இடம் இந்த ஊர்ல இருந்தா சொல்லுங்க, அழிச்சுடலாம்” என்றாள். பலகையைப் பார்த்த அன்று கொழுந்தன் பேச்சை நிறுத்தினான்.

துண்டுகளும் விடுதி விரிப்புகளும் வந்தன. தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. தெரிந்த முகங்கள் பலகையைப் படித்து, நடையை எட்டிப் போட்டன. காலை ஆறு மணிக்கு மருத்துவமனை, மூன்று மணிக்குக் கடை, முதுகு விட்டுப்போயிற்று. பதினொரு நாள் இப்படியே போனது.

பன்னிரண்டாம் நாள், வெயில் சாய்கிற நேரத்தில், முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டு ஓர் அம்மாள் வந்து நின்றாள். அதே தெருவின் மூலை வீட்டுக்காரி. போன வாரம்தான் அவள் கணவர் இருமி இருமி வீட்டிலேயே இறந்துபோனார். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை மேசையில் வைத்தாள். உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை. மார்பில் கருத்துப்போன ரத்தம்.

“கடைசியாப் போட்டிருந்தது. ரெண்டு கடையில கேட்டேன். செத்தவங்க துணின்னதும் வாங்கமாட்டேன்னுட்டாங்க. வீட்டுல தூக்கி எறியச் சொல்றாங்க.” சட்டையின் காலரை நீவிவிட்டாள். “கறை போயிடணும். ஆனா அவர் வாசனை போகக் கூடாது. முடியுமா?”

நீலக்கா சட்டையைக் கையில் எடுத்தாள். இயந்திரம் தடதடத்து வேகம் குறைந்துகொண்டிருந்தது. இல்லாத படியில் யாரோ நொண்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள். வரட்டும் என்று விட்டாள். தானும் அந்த விரிப்பைத் துவைக்காமல் வைத்திருந்திருக்கலாம். இப்படிக் கேட்க அவளுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

“மெஷின்ல போட்டா ரெண்டும் போயிடும்மா. இதைக் கையாலதான் செய்யணும். ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணி போதும். கறை இருக்கற இடத்தை மட்டும் நனைச்சு எடுத்துடறேன். காலரையும் கைப்பக்கத்தையும் தொடமாட்டேன். அவர் அங்கதான் இருப்பாரு.”

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நீலக்கா ரசீதுப் புத்தகத்தை எடுத்துத் தேதி எழுதினாள்.

“பேரும்மா?”

அம்மாள் சாலையைத் திரும்பிப் பார்த்தாள். “நான் இங்க வந்தது தெருவுல தெரிய வேண்டாம். அவர் பேரையே எழுதிக்கோயேன்.”

நீலக்கா பேனாவைக் கீழே வைக்கவில்லை. “அவர் வந்து வாங்கிக்கப் போறதில்லம்மா. நாளைக்கு வரப்போறது நீங்க. உங்க பேரைச் சொல்லுங்க.”

பக்கத்துக் கடையில் கத்தரி ஓசை நின்றது. அம்மாள் இன்னும் ஒருமுறை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உதடு அசைந்தும் அசையாமலும் தன் பெயரைச் சொன்னாள்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா” என்றாள் நீலக்கா. “மெஷின் சத்தத்துல காதுல விழல.”

இயந்திரம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.