முன் சக்கரத்து ப்ரேக்

என் மாமனாருக்குக் கண்தான் போனது, வாய் போகவில்லை. சர்க்கரை வியாதி பார்வையைத் தின்று தீர்த்த பிறகும், லாரிப் பட்டறை நடத்திய கை அப்படியே இருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். எந்தக் கனரக வண்டிச் சாமானையும் தடவிப் பார்த்தே, எந்தப் பக்கத்தில் மாட்டுவது, எவ்வளவு ஓடியது என்று சொல்லிவிடுவார். அது பொய்யில்லை. ஆளைப் பிடிக்கவில்லை என்பதற்காக வித்தையை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதே மனுஷன்தான், கண் போவதற்கு முன்னால், பெற்ற மகன் குடித்துவிட்டு ஓட்டி லாரியோடு பள்ளத்தில் விழுந்து செத்தான் என்று விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னவர். என் வீட்டுக்காரர் இருமல் மருந்து குடிக்கவே யோசிப்பார். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் என்னிடம், "அப்பா முன் ப்ரேக்கைக் கழட்டிட்டாரு. இறக்கத்துல வண்டி நிக்க மாட்டேங்குது" என்று புலம்பினார். அதை நான் எல்லோரிடமும் சொன்னேன். "ரெண்டு முன் ப்ரேக்கும் இருந்துச்சு, நானே மாட்டினேன்" என்று மாமனார் அடித்துப் பேசிவிட்டார். லாரியோ எரிந்து கரியாகிக் கிடந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் பேச்சு எங்கே எடுபடும்?

அத்தை அதற்கும் மேல். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி அழுவார். "குடிக்காதேன்னு இவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பிள்ளை இருந்திருப்பான்" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டைக் கழுவுவேன். ஆனால் அத்தைமேல் எனக்குக் கோபம் பாதிதான். பாவம், புருஷன் சொன்னதை நம்பிக்கொண்டு இருக்கிறார் என்று நினைத்தேன். உண்மை தெரிந்தால் ஒருநாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுவார் என்றுகூட நினைத்தேன்.

அத்தை தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பின்பக்கத் தோட்டத்தில் எலுமிச்சங்கன்று வைக்கக் குழி தோண்டினேன். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி 'ணங்' என்றது. தார்ப்பாயில் சுற்றி, கிரீஸ் பூசி, இரும்புச் சாமான்கள். எனக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் வேண்டாத சாமானை யாராவது கிரீஸ் பூசிப் புதைப்பார்களா? பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் காட்டியிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பான். எனக்கு அவன் வாய் வேண்டாம். மாமனார் வாயால் வர வேண்டும், அதை அத்தை காதால் கேட்க வேண்டும்.

அத்தையை நாத்தனாரின் வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டார். டிப்பர் வண்டிகள் வைத்து ஓட்டுகிறவர்; நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பழைய சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் மாமனாரைக் கூட்டிப்போவார். அன்றைக்கு மட்டும்தான் மாமனார் சலவைச் சட்டை போடுவார். அத்தை முகம் கழுவ நேராக உள்ளே போனார். நான் சாமான்களை வாசல் அறைக்குக் கொண்டுவந்து, முதலில் ஒன்றை மாமனார் மடியில் வைத்தேன்.

"இது என்னன்னு சொல்லுங்க மாமா. அண்ணனும் பார்க்கட்டும்."

முகம் மலர்ந்துவிட்டது. "லாரி ப்ரேக் ஷூ. லைனிங் தேயவே இல்ல. எந்த மடையன் இதைத் தூக்கிப் போட்டான்? எங்க கிடைச்சுது?"

"நம்ம தோட்டத்துல மாமா. கன்று வைக்கக் குழி தோண்டினேன்."

விரல் அப்படியே நின்றது. நான் அடுத்ததைக் கொடுத்தேன். உருண்டையாக, நடுவில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அவர் விரல் விளிம்பில் ஓடி, அங்கே பஞ்ச் உளியால் தட்டிய மூன்று புள்ளிகளில் போய் உட்கார்ந்தது. சொந்த லாரியின் சாமானை யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அவர் தட்டி வைக்கிற அடையாளம் அது. சுத்தியலைக் கீழே போட்ட பிறகும் அதைப் பற்றிப் பெருமை பேசாத நாள் கிடையாது.

"ட்ராக்டர் சாமான்" என்றார்.

அண்ணன் சிரித்துவிட்டார். "இது காத்து ப்ரேக் சாமான், ட்ராக்டர்ல ஏது மாமா? சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும்."

"பழைய ட்ராக்டர்."

எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன், இனித்தது. "விடுங்கண்ணா. மாமாவுக்கு விரல் மரத்துப்போச்சு. சட்டையையே திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிட்ட கேட்டுக்கிறேன்."

"அவனா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன்."

"அவனுக்கு லாரிக்கும் ட்ராக்டருக்கும் வித்தியாசம் தெரியும் மாமா."

அண்ணன் விளையாட்டாகத்தான் சொன்னார். "இனிமே சாமான் வாங்கப் போறப்ப உங்களைக் கூட்டிட்டுப் போனா, ட்ராக்டர் சாமானை என் தலையில கட்டிருவாங்க போல."

மாமனாரின் தாடை ஆடியது. நான் குனிந்து அவர் மடியிலிருந்ததை எடுக்கப் போனேன். அவர் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ப்ரேக் சேம்பர். பின்னாடி வர்றது ரெட்டை, உள்ள ஸ்பிரிங் இருக்கும். இது ஒத்தை. முன் சக்கரத்துக்கு. காத்து ஏறினா இந்தத் தண்டு தள்ளும். ரப்பர் இன்னும் உயிரோட இருக்கு. இன்னைக்கு மாட்டினாலும் பிடிக்கும். யாருக்குடி விரல் மரத்துப்போச்சு?"

"யார் லாரியில இருந்தது மாமா?"

"என் லாரி. என் பஞ்ச்."

"கழட்டினது?"

மூச்சு வாங்கியது அவருக்கு. ஆனால் ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. "நான்தான். முன் ப்ரேக் பிடிச்சா ஸ்டியரிங் இழுக்கும், வண்டி குப்புறப் போகும், டயர் தேயும். எங்க காலத்துல எல்லாரும் கழட்டிருவோம். ஓட்டத் தெரிஞ்சவனுக்கு அது எதுக்கு?"

"அவர் கழட்ட வேண்டாம்னு சொன்னாரா, இல்லையா?"

"சொன்னான். பயமா இருந்தா வீட்டுல இருந்து பாத்திரம் கழுவுன்னேன்."

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். திரும்பினால், அத்தை முகத்தில் ஈரத்தோடு கதவருகே நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. சரிந்து விழப் போகிறார் என்று, பிடிப்பதற்காக அவரிடம் ஓடினேன்.

அத்தை என் கையை விலக்கினார். மண்ணும் கிரீஸுமாகத் தரையில் கிடந்த சாமானைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார்.

"இன்னும் ஆழமாத் தோண்டுங்கன்னு அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்குப் பசிக்கும், சாப்பாடு எடுத்து வை என்று என்னிடம் சொன்னார்.