புகார் இல்லாத களவு

புருஷன் அலெக்சியின் கோட்டை ஆணியிலிருந்து எடுத்த பிலோமீன் சட்டென்று அதைக் கீழே போட்டாள். கோட்டின் உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. அலெக்சியைக் காலையில்தான் பனி தோண்டிப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"அண்ணன் இன்னும் போகல அண்ணி" என்றான் கொழுந்தன் சிப்ரியான்.

"எனக்குத் தெரியாதா? வாய மூடு."

செத்தவனின் சாமான்களைப் பொழுது சாய்வதற்குள் பிறர் கையில் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டையே சுற்றுவான். ஆனால் கொடுப்பது குற்றம். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே இங்கே வாழும் க்ரீ சனங்கள் கூடி ஆடக் கூடாது, அள்ளிக் கொடுக்கக் கூடாது, சர்க்கார் வைத்த ஏஜென்ட் துரையின் சீட்டு இல்லாமல், ஒதுக்கிய நிலத்தின் எல்லை தாண்டக் கூடாது. பாழாய்ப்போன சட்டம்! டவுனில் பில்லியர்ட்ஸ் ஆடியதற்கே அலெக்சியைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அங்கே பிடித்த இருமல்தான் ஆளைக் கொண்டுபோயிற்று.

இன்று துரை அனுப்பிய போலீஸ்காரன் அடுப்போரம் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த தேநீரையே குடித்துக்கொண்டிருந்தான். க்ரீ பேச்சு அவனுக்கு அரைகுறையாக வரும்.

"யாருக்கும் எதுவும் குடுக்காத. குடுத்தா ஜெயில்."

ஆளில்லாத கட்டில் கிரீச்சிட்டது. வந்திருந்த சொந்தக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.  பிலோமீனுக்குக் கோபம் வந்தது. உயிரோடுதான் நிம்மதியாக விடவில்லை, செத்த பிறகுமா?

விறுவிறுவென்று போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"நான் சட்டி கழுவப் போறேன். எனக்கு முதுகுல கண்ணு கிடையாது" என்றாள் சத்தமாக.

சிப்ரியானுக்குத்தான் முதலில் புரிந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடந்தான். பின்னாலேயே கம்பளி, கோட்டு, சேணம் எல்லாம் ஒவ்வொருவர் கையிலாகப் போயின.

"ஏய், திருடுறாங்க!" போலீஸ்காரன் பதறி எழுந்தான். "நீ புகார் குடு!"

"எதுக்குங்க? ஒண்ணும் காணாமப் போகலையே."

வாசலில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் கனைத்தார்கள். போலீஸ்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியேறினான். அவன் வண்டியின் குதிரைமணி தூரத்தில் தேய்ந்தது. மற்றவர்களும் போய்விட்டார்கள்.

பிலோமீன் திரும்பவில்லை. கட்டிலோரம் யாரோ இருமினார்கள். முனகிக்கொண்டே பூட்ஸ் மாட்டும் சத்தம் கேட்டது. காலடிகள் நடந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றன. திரும்பிப் பார்த்தால் இங்கேயே தங்கிவிடுவான். பார்க்க வேண்டும்போலத்தான் இருந்தது. சுத்தமான சட்டியையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போறப்ப கதவச் சாத்திட்டுப் போ. குளிருது" என்றாள்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.