ஒன்பதாம் நாள் சத்தம்

மனசை அடக்குவதற்கென்று எங்கெங்கிருந்தோ திருவண்ணாமலைக்கு வருகிறார்கள். ரமணாசிரமம் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்தார் என்றால், நான் வைத்த தோசை ஆறிக் காய்ந்து போகும்வரை திறக்கமாட்டார். அதே ஊரில்தான் என் வீட்டுக்காரர் திருமலை, சொந்த லாரி வாங்கிய நாளிலிருந்து ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்காரவில்லை.

பதினேழு வருஷம் கோதண்டராமன் முதலாளியின் லாரியை ஓட்டியவர். அப்போதெல்லாம் வீட்டுக்கு வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டார். ஒருமுறை சைலன்சர் கழன்று தெரு முழுக்க இழுபட்டு வந்தது. நான் பதறினேன். "அத மொதலாளி பாத்துப்பாரு, நீ சோத்தப் போடு" என்றார். அந்த மனுஷனுக்கு இப்போது காது முளைத்துவிட்டது. வாங்கியிருப்பது பதினோரு வருஷம் ஓடிய வண்டி. அதில் அவருக்குக் கேட்காத சத்தம் இல்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய் டயரைத் தட்டுவார். கை கழுவிவிட்டு மறுபடியும் போய்த் தட்டுவார்.

மூன்றாம் நாள் புதுசாக ஒன்று வந்தது. பின்பக்கமிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். மேடு பள்ளத்தில் மட்டும். மெக்கானிக் அர்ஜுனன் இரண்டு தடவை அடியில் படுத்துப் பார்த்தார். ஸ்பிரிங் பட்டை, ஜாயிண்ட், போல்ட் எல்லாம் சரியாக இருந்தன.

"நிக்கசொல்ல இல்ல, ஓடசொல்லதான் வருதுன்றீங்க. வண்டி கல்லு மாரி இருக்குதுண்ணே. சத்தம் உங்க காதுலதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதற்கு நடுவில் அந்தப் பத்து நாள் கெடு வேறு. இவர் வேலையை விட்டபோது கோதண்டராமன் முதலாளி, "பத்து நாளைக்கு உன் சீட்டுல வேற ஆளு ஒக்கார மாட்டான் திருமல. சரிப்படலன்னா வண்டிய வித்துட்டு வந்துடு" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது. திரும்பிப் போக ஒரு கதவு திறந்திருந்தால் மனுஷன் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். இவரும் அதையேதான் பார்த்தார். எட்டு நாள் லோடு கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் புக்கிங் ஆபீஸ் பலராமன் போன் செய்தார். "மல்லாட்ட மூட்ட. திண்டிவனத்தாண்ட எண்ணெ மில்லு. அஞ்சு மணிக்கு கேட்ட மூடிடுவாங்க. டயத்துக்குப் போய்ச் சேந்துட்டீங்கன்னா அந்த மில்லு லோடு பூரா இனிமே உங்களுக்குத்தான்."

நான் லீவு போட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கத்த ஓர் ஆள் வேண்டும். கத்துவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

நிலக்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு மணிக்குக் கிளம்பினோம். இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்றார். ஊரைத் தாண்டியதும் ஒரு பள்ளம். 'டொக்'. வண்டியை ஓரம் கட்டினார். இறங்கினார், தட்டினார், ஏறினார். கீழ்பென்னாத்தூர் வருவதற்குள் நாலு தடவை.

"ஏங்க, இப்டியே போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்."

"பட்ட ஒடஞ்சி மூட்டையோட சாஞ்சிட்டா? மொதலாளி வண்டின்னா அவரு பாத்துப்பாரு. இது நம்மளுது, மணி" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது.

செஞ்சி நெருங்கும்போது மணி மூன்றரை. மறுபடியும் நிறுத்தினார். "நீ எறங்கி நில்லு. நான் மெதுவா ஓட்டிக்கினு போறேன். எங்கருந்து வருதுனு குனிஞ்சி பாரு."

புளியமரத்தடியில் நின்றேன். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. 'டொக்'. குனிந்து பார்த்தேன்.

ஸ்டெப்னிக்கு மேலே குறுக்குக் கம்பியில், வண்டி நிற்கும்போது அழுக்கோடு அழுக்காக யாருக்கும் தெரியாமல் போன கருத்த மூட்டை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நான் கட்டியது. பச்சையம்மன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்ட அன்று, மஞ்சள் துணியில் ஒரு தேங்காயை முடிந்து, யார் கண்ணிலும் படாமல் அடியில் நுழைந்து கட்டிவைத்தேன். நாற்பத்தெட்டு நாள் கழித்து அவிழ்த்துக் கோயிலில் உடைப்பதாக வேண்டுதல். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. முடிச்சு தளர்ந்து, தேங்காய் கம்பியில் மோதிக்கொண்டிருந்தது.

"இன்னா, தெரிஞ்சிதா?" என்று தலையை நீட்டிக் கேட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். ஒன்பதே நாளில் அவிழ்த்தால் அம்மன் கோபித்துக்கொண்டு வண்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். "ஒண்ணும் கேக்கலயே. நீங்க ஓட்டுங்க" என்றேன்.

அதற்கப்புறம் ஆறு தடவை நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் நான் மடியில் கையை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன். கடைசி தடவை அவர் அர்ஜுனனுக்கு போன் செய்து ரோட்டோரத்தில் நின்று சண்டை போட்டார். மில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே கால். கேட் மூடியிருந்தது.

"காலையில எறக்கிக்கலாம்" என்று வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழாமலே சொன்னார். பலராமன் போனில், "மொத லோடே லேட்டா? நல்லா இருக்குதுங்க" என்று வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் வண்டிப் படியில் உட்கார்ந்தார். ஒன்பது நாளில் அன்றைக்குத்தான் அவர் உட்கார்ந்து பார்க்கிறேன். அசையவே இல்லை. "எனக்கு இது ஒத்து வராது மணி. அடுத்தவன் வண்டின்னாதான் என்னால ஓட்ட முடியும்போல" என்று சொல்லி, கோதண்டராமன் முதலாளியின் நம்பரை அழுத்தினார்.

"வைங்க போன" என்றேன். "அந்தச் சத்தம் நான் கட்டினது."

எல்லாவற்றையும் சொன்னேன். செஞ்சியில் பார்த்ததையும், பார்த்துவிட்டு மறைத்ததையும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவர் வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெளியே வரும்போது கையில் அந்த மூட்டை. அதை ஆட்டினார். உள்ளே தண்ணீர் தளும்பியது.

"வேற எதுவும் கட்டலயே?"

"இல்ல."

"அப்போ வண்டி நல்லாதான் இருக்குதா?"

"அர்ஜுனன் அதத்தான சொன்னாரு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. போன் அடித்தது. மிஸ்டு காலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டார் கோதண்டராமன் முதலாளி.

"இல்ல மொதலாளி, தெரியாம பட்டுடல. நானேதான் போட்டேன். நாளைக்குப் பத்தாவது நாளு. அந்தச் சீட்டுல வேற ஆள ஒக்கார வெச்சிடுங்க. இல்ல, நான் வரல."

பிறகு முன் சக்கரத்துக்குக் கீழே தேங்காயை ஓங்கி உடைத்தார். வெள்ளையாக இருந்தது. வாட்ச்மேனுக்கு ஒரு மூடியைக் கொடுத்தார். நான் அம்மனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டபடியே என் பங்கைத் தின்றேன்.

காலையில் முதல் வண்டியாக மூட்டை இறங்கியது. பலராமன் மறுபடி கூப்பிடுவாரா என்று தெரியாது. வேறு ஆபீஸ் பார்க்கலாம் என்றார் இவர். காலி வண்டி. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, எதையோ முணுமுணுத்துக்கொண்டு, செஞ்சிவரை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. புளியமரத்தைத் தாண்டினோம். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது.

இடது பக்கம், பின்னால், லேசாக 'கிரீச்' என்றது.

அவரைப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வண்டிய நிறுத்துங்க" என்றேன்.