மதிலில் சொன்ன பெயர்

ஏழு வருஷத்தில் பியோ தொக்சு நாற்பத்து மூன்று தடவை செத்திருந்தான். அம்பு பட்டு, குதிரை மிதித்து, கொள்ளைநோயில், ஒரு தடவை சும்மா மூலையில் சுருண்டு. துணை நடிகனுக்குச் சாவைவிட்டால் வேறு பிழைப்பு ஏது? நாற்பத்து நாலாவது படத்தில்தான் அவனுக்கு வாய் கிடைத்தது. ஒரே ஒரு வசனம்.

படத்தின் கதை பழையதுதான். எதிரிப் படை மலைக்கோட்டையைச் சுற்றி வளைத்துவிட்டது. அரசனும் மந்திரிகளும் உள்ளே பட்டினி. மந்திரிகள் சண்டையா சரணா என்று வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருக்க, அரசன் ஒரு நாள் தனியாக மதிலுக்கு வருகிறான். குளிரில் விறைத்து நிற்கும் காவல்காரனிடம், "நீ யார் மகன்?" என்று கேட்கிறான். அந்தக் காவல்காரன்தான் தொக்சு.

ஊரில் அவனுடைய அப்பாவுக்கு எண்பத்தெட்டு வயது. மகன் அரசனோடு பேசப்போகிறான் என்று முதியோர் மன்றம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். படம் வந்ததும் எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு.

வில்லங்கம் இயக்குநர் நாம்குங் வடிவத்தில் வந்தது. வசனத்தில் எழுதிவைத்திருந்த அப்பன் பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது பொய்யா இருக்குண்ணே. உங்க அப்பா பேரையே சொல்லுங்க. அப்பதான் உள்ளேருந்து வரும்."

உள்ளேயிருந்துதான் வந்தது. அரசன் கேட்டான். தொக்சு தலைகுனிந்து, "பியோ, மூ ஜா, சோங் ஜா அவர்களின் மகன், அரசே" என்றான்.

"கட்!"

சரித்திர ஆலோசகர் ஓடி வந்தார். "என்னய்யா நீ, அரசன் முன்னாடி அப்பனுக்கு மரியாதை வச்சு ஜா போடுற? பியோ மூசோங். அவ்வளவுதான். மொட்டையாச் சொல்லு."

சொல்வது சுலபம். குடும்பப்பெயரான பியோவை விட்டு, அப்பா பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் மரியாதைக்கு ஒரு 'ஜா' வைக்காதவன் மனுஷனே இல்லை என்று கெண்டைக்காலில் பிரம்படி வாங்கி வளர்ந்தவன் தொக்சு. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொல்வான். இரண்டாம் தடவை ஒரு ஜா நழுவியது. நாலாம் தடவை இரண்டும் திரும்பி வந்தன. ஏழாம் தடவை 'பியோ' என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றான். அரசன் வேஷக்காரர் மீசையில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சாப்பிட்டுட்டு வாங்க" என்றார் இயக்குநர். குரலில் மரியாதை குறைந்திருந்தது.

சாப்பாட்டு வண்டிக்குப் பின்னால் நின்று தொக்சு ஊருக்குப் போன் போட்டான். சூப்பில் போட்ட சோறு கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"அப்பா, உங்க பேரை மொட்டையாச் சொல்லச் சொல்றாங்க."

"யார்கிட்ட?"

"ராஜாகிட்ட."

"மண்டு, ராஜா முன்னாடி அப்பனுக்கு என்னடா மரியாதை? நான் அவரைவிடப் பெரிய ஆளா?"

"வாய் வரலைப்பா."

"பேர் சொல்ல ஒரு பிள்ளைன்னு உன்னைப் பெத்தேன். சொல்லித் தொலையேன். சத்தமாச் சொல்லு, இங்க பாதிப் பேருக்குக் காது கேக்காது."

தொக்சுவுக்கு நெஞ்சு லேசானது. ஆறிய சோற்றை நாலு வாயில் முடித்துவிட்டு மதிலுக்கு ஓடினான். உதவி இயக்குநர் கூ யேரின் வழியிலேயே நிறுத்தினாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வெளிச்சம் போகுது. வசனத்தைக் கப்சிக் அண்ணனுக்குக் குடுத்துட்டாங்க. நீங்க பக்கத்துல நில்லுங்க."

"இப்பச் சொல்லிடுவேன்மா. அப்பாவையே கேட்டுட்டேன்."

"பேரு மட்டும் அதேதான்ணே. டைரக்டருக்கு அந்தப் பேரு பிடிச்சுப்போச்சு."

பான் கப்சிக் அவனோடு ஏழு வருஷமாகச் செத்துக்கொண்டிருப்பவன். ஒரே வண்டியில் வந்து, ஒரே பள்ளத்தில் பிணமாகக் கிடந்து, ஒரே சட்டியில் சாப்பிட்டவன். ஈட்டியை ஊன்றிக்கொண்டு தயாராக நின்றான். தொக்சுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா பேரை மொட்டையாச் சொல்ல உனக்குக் கஷ்டமா இல்லையா?" என்றான் தொக்சு.

"இதுல என்னடா இருக்கு?"

செயற்கைப் பனி விழ ஆரம்பித்தது. அரசன் வந்தான், நின்றான், கேட்டான்.

"நீ யார் மகன்?"

"பியோ மூசோங் மகன், அரசே."

முதல் தடவையிலேயே, தண்ணீர் குடிப்பதுபோலச் சொல்லிவிட்டான் கப்சிக். ஜாவும் இல்லை, தயக்கமும் இல்லை. முதியோர் மன்றமே கூடி உட்கார்ந்து, எவனோ ஒருத்தனைத் தொக்சுவின் அப்பாவுக்குப் பிள்ளையாகப் பார்க்கப்போகிறது. வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியவன் வாயைத் திறந்துவிட்டான்.

"இல்லை அரசே. பியோ மூசோங் மகன் நான்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. 'கட்' வரவில்லை. அரசன் வேஷக்காரர் முப்பது வருஷம் நடித்தவர். கண்ணை மெதுவாக ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குத் திருப்பினார்.

"உங்களில் யார் சொல்வது உண்மை?"

கப்சிக் பொய் சொன்னவனாகப் பிடிபட்டதுபோல் தலையைத் தாழ்த்தி ஒரு அடி பின்வாங்கினான்.

"இவன்தான் மகன், அரசே. எனக்கு அப்பன் பேர் தெரியாது. அநாதை இல்லத்து வாசலில் கிடந்தவன் நான்."

வசனத்தாளில் அப்படி ஒன்றும் இல்லை. மதிலில் யாரும் அசையவில்லை. இயக்குநர் கை பாதி தூக்கியபடி அந்தரத்தில் நின்றது.

திரும்பி கப்சிக் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது தொக்சுவுக்கு. அரசன் முன்னால் காவல்காரன் அப்படித் திரும்பக் கூடாது. குனிந்த தலையோடு, தன் பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி நின்ற கப்சிக்கின் வைக்கோல் செருப்பு இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தான். இந்த ஏழு வருஷத்தில் தன் அப்பாவைப் பற்றி அவனிடம் எவ்வளவோ பேசியிருக்கிறான். உன் அப்பா யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. முதலில் கேட்டது ஒட்டுமீசை வைத்த ஒரு அரசன்தான்.