புனிதன் போட்ட வாஷர்

என் பெயர் புனிதன். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். திருவிழா அன்று விடியற்காலையில் நான் செய்த காரியம் அப்படி.

கோலா பிலா பக்கம் ஒரு எஸ்டேட் பட்டறையில் ஃபிட்டராக இருக்கிறேன். என் மனைவி ரோகினி, எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் வருஷா வருஷம் பலூன் சுடும் கடை போடுவாள். அவளுடைய அப்பா விட்டுப்போன கடை. போலீஸ் பர்மிட் எல்லாம் முறையாக உண்டு. கடையில் இரண்டு துப்பாக்கிகள், இரண்டும் என்னைவிட மூத்தவை. விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு, மறுபடி அழுத்தினால் அடுத்தது. நடுவில் எதையும் இழுத்து ஏற்ற வேண்டியதில்லை. சுண்டுவிரல் நீளக் கேஸ் குப்பியை உள்ளே வைத்துத் திருகினால் ஊசி அதன் வாயைக் குத்தும், கேஸ் வால்வில் வந்து நிற்கும். விசையை அழுத்தியதும் உள்ளே ஒரு சின்னச் சுத்தி வால்வைத் தட்டும். அது கண்ணிமைக்கும் நேரம் திறந்து மூடும். அந்தக் கேஸ் குண்டையும் தள்ளும், சுத்தியையும் பின்னுக்குத் தள்ளி அடுத்த குண்டுக்குத் தயாராக்கும். இத்தனையும் ஒரு வாஷரை நம்பித்தான். அது கெட்டால் 'ஸ்ஸ்' என்று எல்லாம் போய்விடும்.

அந்த வாஷரைப் பதினோரு வருஷமாக நான்தான் மாற்றிவந்தேன். நல்ல ரப்பர் தகட்டில் வட்டமாக வெட்டும் என் பழைய பஞ்ச் உளியை வைத்துத் தட்டி எடுப்பேன். உளியின் விளிம்பு கொஞ்சம் உடைந்திருப்பதால், ஒவ்வொரு வாஷரிலும் நகக்கீறல் மாதிரி ஒரு தடம் விழும். மூன்று தலைமுறையாக ரப்பர் மரம் சீவிய குடும்பம் எங்களுடையது. ரப்பரைப் பற்றி எனக்கு யார் வந்து சொல்லித் தருவது? போட்ட கையோடு பட்டறையிலேயே பத்து குண்டு சுட்டுப் பார்ப்பேன், ஒரு குறையும் இருக்காது. திருவிழா அன்று அன்னதானச் சமையலிலேயே எனக்குப் பொழுது போய்விடும், கடைப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் ரோகினி, "நல்லா சுட்டுச்சிங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தை எனக்கு அடுத்த திருவிழாவரைக்கும் போதும்.

இந்த வருஷம் பட்டறையில் வேலை நெருக்கடி. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் துப்பாக்கியைக் கேட்டபோது அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்:

"வேணாங்க, ரெண்டும் ரெடி. ஷங்கர் செஞ்சிட்டான்."

ஷங்கர் அவளுடைய சின்னம்மா மகன். நீலாய் டவுனில் வாஷர், சீல் செய்கிற ஃபேக்டரியில் சூப்பர்வைசர்.

"அவனுக்கு என்னா தெரியும்?"

"ரப்பரு கேஸக் குடிச்சி ஊதிருமாம்லா. அவங்க ஃபேக்டரில மஞ்சக் கலர்ல வேற சாமான் இருக்காம். அது ஊதாதாம்."

எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்குத் தம்பி முறைதான், வேறு சந்தேகம் எதுவும் கிடையாது. ஆனால் அவள் கையில் பிடிக்கிற துப்பாக்கிக்குள் இன்னொருவன் வேலை இருக்கிறது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அவன் வாட்ஸப்பில் அனுப்பும் காலை வணக்கப் பூவைப் பார்த்தால்கூட ஆத்திரம் வந்தது.

திருவிழா அன்று விடியற்காலையில் அவள் பால்குடம் எடுக்கப் போனதும் பெரிய துப்பாக்கியைத் திறந்தேன். மஞ்சள் வாஷரைப் பிடுங்கிவிட்டு என்னுடையதைப் போட்டேன். சுட்டுப் பார்த்தேன், பிரமாதம். கடையைக் கெடுக்க நினைக்கவில்லை, அம்மன்மேல் சத்தியம். நாள் முழுக்க நன்றாகச் சுடட்டும், எல்லாரும் ஷங்கரைப் புகழட்டும், அப்புறம் திறந்து உள்ளே இருப்பது யார் வாஷர் என்று காட்டுகிறேன் என்று கணக்குப் போட்டேன்.

மத்தியானம் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். எஸ்டேட் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் முனியாண்டி வந்தார்.

"டேய் புனிதா, ஒன் பொண்டாட்டி கடையில துப்பாக்கி படுத்துக்கிச்சிடா."

வாளியோடு ஓடினேன். துப்பாக்கி சீறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கூட்டம், நடுவில் ஷங்கர் முகம் வாடி நின்றான். என் வாஷர் எப்படிப் போகும் என்று ஒரு நொடி திகைத்தேன். ஆனால் பழி அவன் தலையில் விழுகிறதே என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நீலாய் வேல நீலாய் வரைக்குந்தான்லா" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

ஷங்கர் ரோகினியைப் பார்த்தான். அவள் துப்பாக்கியைத் தரையை நோக்கிப் பிடித்து மிச்சக் கேஸை வெளியேற்றினாள். இடுப்புப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். இவளுக்கு எதற்கு ஸ்க்ரூடிரைவர் என்று நான் யோசிப்பதற்குள் திருகாணிகள் எல்லாம் ஷங்கர் நீட்டிய குவளையில் விழுந்துவிட்டன. கொண்டை ஊசியால் வாஷரை நெம்பி எடுத்தாள். கறுப்பு வாஷர், ஊறிய பயறு மாதிரி உப்பியிருந்தது. ஓரத்தில் நகக்கீறல்.

அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை மூடிக்கொண்டாள்.

"என் தப்புதான், சரியா பாக்காம விட்டுட்டேன்" என்று கூட்டத்திடம் சொன்னாள். பையிலிருந்து ஒரு மஞ்சள் வாஷரை எடுத்துப் போட்டு, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மூடினாள். முதல் குண்டிலேயே பலூன் வெடித்தது.

சாயங்காலம் கடையைக் கட்டி வீட்டுக்கு வந்ததும் ஒரு பிஸ்கட் டின்னை என் முன்னால் வைத்தாள். உள்ளே கறுப்பு வாஷர்கள். ஒவ்வொன்றிலும் என் உளியின் தடம். அன்றைக்கு எடுத்ததையும் அதில் போட்டாள்.

"மொத வருசம் பத்து மணிக்கே ஊதிருச்சி. அதுலேர்ந்து கோவிலுக்குப் போனதும் மொத வேல இத மாத்துறதுதான். அப்பா செய்றதப் பாத்துக் கத்துக்கிட்டது. ஷங்கர் வாஷரு மட்டுந்தான் கொண்டாந்து தருவான். நீங்க போட்டத தூக்கிப் போட மனசு வரல."

"அப்பறம் ஏன் அவன் செஞ்சான்னு சொன்ன?"

"அவன் செஞ்சான்னா மூணு நாள் மொறச்சிட்டு விட்டுருவீங்க. நான் செஞ்சேன்னு சொன்னா?"

அவள் துப்பாக்கியை மடியில் வைத்துத் துடைக்கத் தொடங்கினாள். கண்ணால் பார்க்காமலே விரல்கள் ஒவ்வொரு திருகாணியாகத் தேடிப்போய் இறுக்கின. பதினோரு வருஷத்தில் என் கைக்கு ஒருநாளும் வராத பதம் அது. ஷங்கரை நான் மறந்தே போனேன். அந்த விரல்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.